டிப்பர் பாலிஷுக்கு அவர்கள் யார்டுக்கே வரச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்

நீலகிரி மலையில் வாட்டர் வாஷ், பாலிஷ் வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் இத்தனை நாள் கார் மட்டும் செய்துவிட்டு, முதல் தடவையாக லாரி வேலை வருகிறதே என்ற சந்தோஷத்தில் உடனே சரி சொல்லிவிடுகிறவர்கள் முழுதாகப் படியுங்கள். எனக்கு வர வேண்டிய 25,500 ரூபாய் இன்னும் வரவில்லை.

அருவங்காட்டில் எனக்கு ஒரு சின்ன ஷெட். நானும் ஒரு பையனும்தான் வேலை. போன ஐப்பசிக் கடைசியில் ஒரு ரோடு கான்ட்ராக்டர் போன் செய்தார். மூன்று டிப்பர், ஒரு கான்கிரீட் மிக்ஸர் வண்டி. "தம்பி, இன்ஸ்பெக்ஷன் இருக்கு, வண்டியெல்லாம் புதுசாட்டம் தெரியணும். நீங்க இங்க யார்டுக்கே வந்துருங்க, அங்க கொண்டுவந்து விட டிரைவர் இல்ல" என்றார். யார்டு கட்டபெட்டு பக்கம். "சரிங்கண்ணா" என்றேன். டிப்பருக்கு 6,500, மிக்ஸருக்கு 11,000 என்று போனிலேயே ரேட் பேசி முடித்தோம். மொத்தம் 30,500. ஐயாயிரம் ஜிபே பண்ணினார். "மீதிய பில் பாஸ் ஆனதும் ஒரே தடவையா வாங்கிக்கங்க" என்றார். பேச்சில் அவ்வளவு பிரியம். ஒவ்வொரு வாக்கியத்திலும் தம்பி, தம்பி.

வண்டியைப் பார்க்காமல் ரேட் சொன்னது என் தப்பு. போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மிக்ஸர் டிரம்மின் வாய்ப்பக்கமும் சரிவுத் தகடும் விரல் கனத்துக்கு சிமென்ட் இறுகிக் கிடந்தன. மாதக்கணக்கில் யாரும் சரியாகக் கழுவியதில்லை. சூப்பர்வைசர் ஒரு கேனில் ஆசிட்டைக் கொண்டுவந்து, "இத ஊத்துங்க, ரெண்டு நிமிஷத்துல விட்டுரும்" என்றார். சிமென்ட்டை ஆசிட் கரைக்கும், உண்மைதான். ஆனால் அந்த பாத்ரூம் ஆசிட் பெயின்ட்டையும் விடாது, அலுமினியத்தையும் விடாது, இரும்பில் பட்டால் அடுத்த நாளே துரு ஏறும். நான் ஊற்றவில்லை. சிமென்ட்டுக்கென்றே விற்கிற மென்மையான கரைசலை அடித்து, ஊறவிட்டு, மரச் சுரண்டியால் எடுத்து, கழுவி, மறுபடி அடித்து... அந்த ஒரு வண்டிக்கே மூன்று நாள் போனது.

டிப்பர்களில் தார். பின்பக்கக் கதவிலும் மட்கார்டிலும் கட்டி கட்டியாக. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒட்டிவைத்து, இளகியதும் துடைத்து, பிசுக்கு போகச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கேபின் பெயின்ட் வெளுத்து, கையை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. காருக்குப் போடுகிற பாலிஷ் இதற்கு எடுபடாது. முதலில் கம்பளி பேட் வைத்து காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையை ஓட்டி, செத்துப்போன மேல்தோலை எடுத்தால்தான் அடியில் இருக்கும் நிறம் வெளியே வரும். ஒரு டிப்பர் கேபின் என்பது கிட்டத்தட்ட ஒரு அறையின் நான்கு சுவர். ஏணியில் நின்றபடி மெஷினைப் பிடித்துப் பிடித்து எனக்குத் தோள் இறங்கிவிட்டது.

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் பெரிய மழை. அதை நான் கணக்கில் வைத்திருக்க வேண்டும். மழை விட்டால் பனிமூட்டம். துடைத்த இடம் பத்து நிமிஷத்தில் மறுபடி நனைந்துவிடும். ஈரத்தின் மேல் வாக்ஸ் பிடிக்காது. அவர்கள் தகரக் கொட்டகையின் ஒரு ஓரத்தை விட்டுத்தர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் தார்ப்பாய் கட்டி வேலை செய்தோம். தண்ணீரும் லாரியில் வாங்கியது, என் காசில். ஐந்து நாள் என்று நினைத்த வேலை ஒன்பது நாள் ஆனது.

நடுவில் கான்ட்ராக்டர், "இன்ஜினையும் ஒரு கை பார்த்துருங்க தம்பி" என்றார். இது முதலில் பேசிய வேலையில் இல்லை. மறுக்க முடியாமல் செய்தேன். ஆல்டர்னேட்டர், வயரிங் கனெக்டர் எல்லாவற்றையும் பாலிதீன் சுற்றி மூடிவிட்டு, பிரஷர் கன் இல்லாமல் பிரஷ்ஷும் மெதுவான தண்ணீரும் வைத்துத்தான் கழுவினோம்.

வேலை முடிந்த மறுநாள் பணம் கேட்டேன். "பில் பாஸ் ஆகல." அடுத்த வாரம், "ஆடிட்டர் ஊருல இல்ல." மூன்றாவது வாரம் குரலே மாறிவிட்டது. ஒரு டிப்பரில் வார்னிங் லைட் எரிகிறதாம், நான் தண்ணீர் அடித்துத்தான் சென்சார் போய்விட்டதாம், பணம் கிடையாது, இன்னும் நான்தான் அவருக்குத் தர வேண்டுமாம். அது பி.எஸ்.6 வண்டி, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. புகையைச் சுத்தமாக்க அதில் ஊற்றுகிற யூரியா கரைசல் குறைந்தாலும், தரமில்லாததை ஊற்றினாலும் லைட் எரியும். அந்த லைட் நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே எரிகிறது என்று அந்த வண்டி டிரைவரே என்னிடம் சொன்னார். ஆனால் முதலாளி முன்னால் சொல்ல அவரால் முடியாது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் ஆதாரம் இல்லை என்பதுதான் வலிக்கிறது. நான் எடுத்த போட்டோ எல்லாம் பெயின்ட்டும் டிரம்மும். சாவியைப் போட்டு டாஷ்போர்டை ஒரு வீடியோ எடுத்திருந்தால் அன்றைக்கே பேச்சு முடிந்திருக்கும்.

நேரில் பேசலாம் என்று யார்டுக்குப் போனேன். வண்டிகள் இல்லை. இன்ஸ்பெக்ஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்கையும் விற்று, பர்லியாறு வழியாகக் கீழே இறக்கிவிட்டார். நான் ஏற்றிய பளபளப்பு விலையில் சேர்ந்துவிட்டது.

குன்னூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை நம்மிடம் ஒப்படைத்து, நாம் அதில் உழைப்பையோ திறமையையோ போட்டு வேலை செய்தால், கூலி வரும்வரை அந்தப் பொருளை நாம் பிடித்துவைத்துக்கொள்ளலாம். சட்டத்திலேயே தையல்காரர் உதாரணம் இருக்கிறதாம். துணி வாங்கிக் கோட்டு தைத்தவர் கூலிக்காகக் கோட்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்று மாதம் கடன் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்த உரிமை இல்லை. நான் இரண்டு வகையிலும் விட்டுவிட்டேன். கான்ட்ராக்டர் யார்டில் வேலை செய்ததால் வண்டி என் கையில் இருந்ததே இல்லை. பில் பாஸ் ஆனதும் வாங்கிக்கொள்கிறேன் என்று தவணைக்கும் தலையாட்டினேன்.

இன்னொன்று, உத்யம் பதிவு. நம்மைப் போன்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு அது. ஆதார் வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்யலாம். 2006ஆம் வருஷத்துக் குறுந்தொழில் சட்டப்படி, எழுதி ஒப்பந்தம் போட்டாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டுவட்டி. ஆனால் வேலையை எடுக்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும் என்றார் வக்கீல். நான் பணம் நின்ற பிறகுதான் பதிவு செய்தேன்.

இப்போது பெரிய வண்டி என்றால் ஒவ்வொன்றாக என் ஷெட் வாசலுக்கு வரச் சொல்கிறேன். ஒரு வண்டிதான் நிறுத்த இடம், அது போதும். பார்த்த பிறகுதான் ரேட். பாதிப் பணம் முன்னால், மீதி சாவி கொடுக்கும்போது. யார்டுக்குத்தான் வர வேண்டும் என்றால் முதல் வண்டிக்கு முழுப் பணம் வந்த பிறகுதான் இரண்டாவது வண்டியில் கை வைக்கிறேன். கூடுதல் வேலை சொன்னால் அங்கேயே வாட்ஸ்அப்பில் தொகையோடு அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குகிறேன்.

பையனுக்கு ஒன்பது நாள் கூலியைச் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தேன். வக்கீல் நோட்டீஸ் போய் 20 நாள் ஆகிறது. பதில் இல்லை. அதே ஆள் கூடலூர் பக்கம் இரண்டு லாரிக்கு ஆள் தேடுவதாக நேற்று ஒரு பெயின்ட்டர் அண்ணன் சொன்னார்.