சட்டம் போடுவதா, வாழ்ந்து காட்டுவதா?

எங்கள் வழிபாட்டுக் குழுவில் போன வருடம் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. மதுவை அரசு அடியோடு தடை செய்ய வேண்டும் என்று கேட்கும் மனு. நான் குடிப்பதில்லை, குடி கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கையெழுத்துப் போடாமல் தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்திவிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். குடியை விட முயல்கிறவர்களோடு வாரம் இரண்டு மாலை உட்கார்ந்து பேசும் வேலையும் குழுவில் நடந்துகொண்டிருந்தது. நான் அதில் சேர்ந்தேன்.

மதக் குழுக்கள் தங்கள் நெறிகளைப் பொதுவில் பேசலாமா? தாராளமாக. எல்லாருக்கும் உள்ள பேச்சுரிமைதான் அவர்களுக்கும். எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

சட்டத்தின் பலம் வேகம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் அதைப் பராமரிப்பது யார்? அமெரிக்காவில் திருச்சபைகளும் மதுவிலக்குச் சங்கங்களும் பல பத்தாண்டுகள் போராடி, 1920இல் நாடு முழுக்க மதுவிலக்கைக் கொண்டுவந்தன. அதுவரை போதகரும் அண்டை வீட்டாரும் எடுத்துச் சொல்லிவந்த நெறி, அன்றோடு சோதனை அதிகாரிகள் கைக்குப் போனது. அவர்களில் பலர் லஞ்சம் வாங்கினார்கள். சடங்குக்கான திராட்சை மதுவுக்கு விலக்கு உண்டு என்றதும் போலி மதகுருக்கள் முளைத்தார்கள். மருத்துவர் சீட்டு இருந்தால் விஸ்கி கிடைத்தது. 1933இல் அரசியல் சட்டத்தைத் திருத்தித் தடையை நீக்கினார்கள். தடை போனது போகட்டும், குடிக்காதே என்று சொல்பவரின் வார்த்தைக்கு இருந்த மரியாதையும் அதோடு கொஞ்சம் போனது என்பது என் எண்ணம்.

வாழ்ந்து காட்டுவது மெதுவான வழி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1776இல் தங்கள் உறுப்பினர்கள் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முதலில் தங்களுக்கே விதி போட்டுக்கொண்டார்கள். 1783இல் லண்டன் குவேக்கர்கள் அடிமை வணிகத்தை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். 1807இல் பிரிட்டன் அதைத் தடை செய்தது.

ஆமாம், கடைசியில் அங்கேயும் சட்டம்தான். அடுத்தவன் கழுத்தில் சங்கிலி இருக்கும்போது 'மெல்ல மனம் மாறட்டும்' என்று காத்திருக்க முடியாது. குடி அந்த வகையா? குடிப்பவர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். அங்கே என் வாதம் ஆட்டம் காண்கிறது. போதாததற்கு, எங்கள் மாலைக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

அன்று என்னை ஒரு மாதிரி பார்த்தவரும் இப்போது வருகிறார். நாற்காலிகளை எடுத்துப் போடுவது அவர்தான். மனுவையும் விடவில்லை, பையில் வைத்திருக்கிறார்.