யார் எழுதிய வரி இது? ஜொட்டேரோவோடு ஆறு வருஷம்

ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கவும் மேற்கோள் காட்டவும் ஆறு வருஷமாக ஜொட்டேரோதான் பயன்படுத்துகிறேன். 2006-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். பிரவுசரில் ஒரு பட்டனை அழுத்தினால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, டிஓஐ என்கிற கட்டுரையின் அடையாள எண் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும், வேர்டில் மேற்கோளைச் செருகிக்கொண்டே போனால் துணைநூல் பட்டியலும் தயார். மேற்கோள் காட்டும் முறையை ஏபிஏ (APA) பாணியிலிருந்து எம்எல்ஏ (MLA) பாணிக்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை. இதெல்லாம் பலரும் சொல்வதுதான், எனக்கு இது உண்மையில் உதவிய இடம் வேறு.

முதல் இரண்டு வருஷம் பட்டியல் போட மட்டும்தான் இதை வைத்திருந்தேன். குறிப்புகள் எல்லாம் தனியாக ஒரு வேர்டு ஃபைலில். பிடித்த வரியை காப்பி எடுத்து ஒட்டுவேன், அதற்குக் கீழேயே எனக்குத் தோன்றியதையும் எழுதுவேன், மேற்கோள் குறியும் இருக்காது, பக்க எண்ணும் இருக்காது. பல மாதம் கழித்து வரைவு எழுதும்போது அதில் ஒரு பத்தி கண்ணில் பட்டது, நன்றாக எழுதியிருக்கிறோமே என்று அப்படியே சேர்த்துவிட்டேன். இரவு மறுபடி படிக்கும்போது ஒரு சொல் உறுத்தியது. நான் எழுதுகிற சொல்லே இல்லை அது. பிடிஎஃப்களைத் திறந்து தேடினால், நாலு வரியில் மூன்று வரி வேறொருவருடையது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. கை நடுங்கிவிட்டது. திருடும் எண்ணமே இல்லாதவர்கூட மாட்டிக்கொள்வது இப்படித்தான், குறிப்பு எடுத்த அன்றைக்கே தப்பு நடந்துமுடிந்திருக்கும்.

2022-இல் வந்த 6-ஆம் பதிப்பில் பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து படிக்கலாம். வண்ணம் தீட்டிய வரிகளைக் குறிப்புகளாக மாற்றினால் மேற்கோள் குறி, ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் சேர்ந்தே வரும். அன்றிலிருந்து மஞ்சள் என்றால் வார்த்தை மாறாமல் எடுத்தாளும் வரி, பச்சை என்றால் கருத்து மட்டும் வேண்டியது. என் யோசனை எதுவானாலும் 'நான்:' என்று தொடங்கித்தான் எழுதுவேன். பக்க எண்ணை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், இதழில் 213-ஆம் பக்கம் பிடிஎஃப்பில் 1 என்று இருக்கலாம்.

பச்சை வரிகளுக்கு இன்னொரு வழக்கம். பிடிஎஃப்பை மூடிவிட்டு, ஞாபகத்திலிருந்து சொந்த நடையில் எழுதி, அப்புறம் திறந்து ஒப்பிடுவேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் வாக்கியத்தின் எலும்புக்கூடு மூல ஆசிரியருடையதாகவே இருக்கும், அதுவும் திருட்டுதான். சொந்த நடையில் எழுதினாலும் மூலத்தைக் காட்டியே ஆக வேண்டும். அதேபோல ஒரு கட்டுரை இன்னொன்றை மேற்கோள் காட்டினால் அந்த மூலத்தைத் தேடிப் படிப்பேன், கிடைக்காவிட்டால் யார் வழியாகத் தெரிந்துகொண்டேன் என்று எழுதிவிடுவேன்.

குறை என்றால், ஆன்லைனில் தரும் இலவசச் சேமிப்பு 300 எம்பிதான். பிடிஎஃப்களோடு சேர்த்தால் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் கணினியில் இருக்கும் ஜொட்டேரோ ஃபோல்டரை மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கிறேன். தளங்கள் தரும் விவரங்களிலும் பிழை வரும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், ஆண்டு விடுபட்டிருக்கும், சேர்த்த அன்றே திருத்திவிடுவது நல்லது.

அந்தப் பழைய வேர்டு ஃபைல் இன்னும் இருக்கிறது. மூலம் கண்டுபிடித்த வரிகளையெல்லாம் ஜொட்டேரோவுக்கு மாற்றிவிட்டேன். யாருடையது என்று தெரியாத வரிகள் நிறைய மிச்சம், அதில் சில ரொம்பவே நன்றாக இருக்கின்றன, ஒன்றைக்கூட எடுக்கவில்லை.