கைக்குப் பட்டி, நாரிக்குப் பலன்: மூன்று வருட அனுபவம்

கிளிநொச்சியில் தையல்தான் என் தொழில். நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தால் நாரி, அதாவது முதுகின் அடிப்பக்கம், என்ன பாடுபடும் என்று தைப்பவர்களுக்குத் தெரியும். நாரிநோவுக்குக் காட்டப் போனபோது, பிசியோதெரபி செய்யும் தங்கச்சி ஒரு சிவப்பு றப்பர் பட்டியைத் தந்து, "அக்கா, கையால இழுங்கோ, வயிறு தானா இறுகும்" என்றார். நோவு நாரியில், பயிற்சி கைக்கா என்று யோசித்தபடிதான் தொடங்கினேன்.

முதல் இரண்டு மாதம் பிழையாகச் செய்தேன். பலம் கூடிய நீலப் பட்டியை வாங்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தேன். கைதான் உளைந்தது, நாரி அப்படியே இருந்தது.

பிறகு சிவப்புக்கே திரும்பினேன். விறாந்தைத் தூணில் நெஞ்சு உயரத்தில் பட்டியைக் கட்டி, தூணுக்குப் பக்கவாட்டாக நின்று, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு கையாலும் பட்டியை நெஞ்சோடு பிடித்து நேரே முன்னால் தள்ள வேண்டும். பல்லோஃப் பிரஸ் என்பார்கள். கை நீள நீளப் பட்டி உடம்பைத் தூண் பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்பவிடாமல் நிற்பதுதான் முழு வேலையும். தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்க வேண்டாம். பக்கத்துக்குப் பன்னிரண்டு தடவை, கிழமைக்கு நாலு நாள் செய்கிறேன்.

ஒற்றைக் கையால் இழுக்கும்போது மற்றக் கை விரலை இடுப்பெலும்புக்குச் சற்று உட்பக்கமாக வயிற்றில் வைத்துப் பாருங்கள். இழுக்கத் தொடங்கும்போதே விரலுக்குக் கீழே இறுகும். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள்: கையை உயர்த்தும்போது தோள் தசைக்கு முன்பே வயிற்றின் ஆழத்துக் குறுக்குத் தசை இறுகுகிறது, நாரிநோ உள்ளவர்களில் அது பிந்துகிறது. அதற்காக அந்த ஒரு தசையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. நடு உடம்பு முழுவதும் சேர்ந்துதான் தாங்குகிறது.

ஆறாம் மாதமளவில், கிணற்றுக்கட்டுக்கு மேலால் வாளியைத் தூக்கும்போது நாரியில் கை வைக்காமல் தூக்கியதை நானே கவனித்தேன். நோவு முழுதாகப் போகவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் நாட்களில் மூன்றாம் நாளே வந்துவிடும். ஆனால் படுக்கையில் விழுத்துவதில்லை.

பட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பட்டி எட்டாம் மாதம் முடிச்சடியில் அறுந்து மணிக்கட்டில் அடித்தது. பிழை என்னுடையது. வெயில் விழும் சுவரில் ஆணியில் தொங்கவிட்டேன், மெஷின் எண்ணெய்க் கையோடு பிடித்தேன். வெயில், சூடு, எண்ணெய் மூன்றுமே றப்பருக்கு எதிரி. எங்கள் தகரக் கூரைச் சூட்டில் சொல்லவே வேண்டாம். இப்போது கை கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன். பவுடர் தடவிப் பிஸ்கட் ரின்னில், குளிர்ச்சியான அறையில் வைக்கிறேன். கட்டும் முன் இழுத்து வெளிச்சத்தில் வெடிப்புப் பார்ப்பேன். இரண்டாவது பட்டி இன்னும் நன்றாக இருக்கிறது. பட்டியின் பலத்தைக் காட்டும் நிறங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும், கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஒரு கால் இல்லை. அவர் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருந்தபடியே சிவப்பைவிடப் பலம் குறைந்த மஞ்சள் பட்டி இழுக்கத் தொடங்கினார். ஒற்றைக் கையால் இழுத்தால் ஒரு பக்கம் சரிந்துவிடுவார். அதனால் முதலில் இரண்டு கையாலும். இப்போது ஒற்றைக் கையால் இழுத்தாலும் நிமிர்ந்து இருக்கிறார். போன கிழமை சிவப்புக்கு மாறினார்.