ஏற்காடு எஸ்டி பசங்களுக்கு எஜுகேஷன் லோன்: ஸ்கீமுக்கு 4 ஸ்டார், பிராஞ்சுக்கு 2 ஸ்டார்

+2 முடிச்சிட்டு கீழ சேலத்துல காலேஜ் சேர்ற நம்ம மலை பசங்க வீட்டுல எல்லாரும் கேக்குற கேள்வி, லோன் வாங்கலாமா வேணாமா. தங்கச்சி பி.இ.க்கு சேலத்துல ஒரு அரசு வங்கியில வாங்குனோம், அதை வச்சு எழுதுறேன். வங்கி பேரு வேணாங்க, மேனேஜர் மாறுனா எல்லாமே மாறிடுது.

முதல்ல, டியூஷன் ஃபீஸுக்கு லோன் போடுறதுக்கு முன்னாடி யோசிங்க. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ளன்னா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு. 6ல இருந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு 7.5% ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சீட் எடுத்தா ஹாஸ்டல் ஃபீஸ் உட்பட அரசே கட்டிடுது. ஆனா எய்டட் ஸ்கூல்ல படிச்சா அந்த 7.5% கிடையாது, எங்க தங்கச்சி மாட்டுனது அங்கதான். ஸ்காலர்ஷிப் பணமும் லேட்டா வரும், காலேஜ்காரன் அதுவரைக்கும் சும்மா இருப்பானா, ஹாஸ்டல் மெஸ் லேப்டாப்னு வேற தனியா நிக்கும், காப்பி மிளகு சீசன் முடிஞ்சா எங்க வீட்டுல கைல காசு இருக்காது, அதனாலதான் லோன்.

அப்ளிகேஷன் ஆன்லைன்ல வித்யாலக்ஷ்மி போர்ட்டல்ல போட்டோம். 2015ல வந்தது, ஒரே ஃபார்ம்ல மூணு பேங்க் வரைக்கும் கேக்கலாம். ஃபார்ம் ஈஸிதான், போட்டதுக்கு அப்புறம் பெண்டிங் பெண்டிங்னே காட்டிட்டு இருக்கும், பிராஞ்சுல போய் நின்னாத்தான் நகரும். 2024 நவம்பர்ல மத்திய கேபினெட் ஓகே பண்ண பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டம் வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. அதுல 8 லட்சம் வருமானம் வரைக்கும் உள்ளவங்களுக்கு 10 லட்சம் லோன் வரை வட்டியில 3% மானியம் உண்டு, ஆனா அவங்க லிஸ்ட்ல இருக்குற காலேஜுக்கு மட்டும்தான். நம்ம பக்கத்து காலேஜ் எல்லாம் இருக்கும்னு நெனச்சுக்காம லிஸ்ட்டை பாத்துட்டு போடுங்க.

இனி பிராஞ்ச் கதை. சேலத்துல போனா "அட்ரஸ் ஏற்காடு, நீங்க மேலயே கேளுங்க"ன்னாங்க. மேல போனா "காலேஜ் கீழதானே இருக்கு, அங்கயே பாத்துக்கங்க"ன்னாங்க. இருபது கொண்டை ஊசி வளைவுலயும் அப்பாவை ஏத்தி இறக்குனதுதான் மிச்சம், அவருக்கு பஸ்ஸு வேற ஒத்துக்காது. எஜுகேஷன் லோனுக்கு சர்வீஸ் ஏரியா (அந்த பிராஞ்சுக்குன்னு ஒதுக்குன ஊருங்க) பாத்து திருப்பி அனுப்பக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012லயே சொல்லிருக்கு. அந்த சர்க்குலரை பிரிண்ட் எடுத்து மேஜையில வச்சோம், அதுக்கு அப்புறம்தான் உக்காருங்கன்னே சொன்னாங்க.

அடுத்து நெலத்து பத்திரம் கேட்டாங்க. நாங்க கேட்டதே 4 லட்சத்துக்குள்ள, அதுக்கு ஜாமீன் சொத்து கேக்கவே கூடாது, அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போட்டா போதும். மலையில எத்தனை வீட்டுல பட்டா இன்னும் தாத்தா பேருல இருக்குன்னு அவங்களுக்கு தெரியாதா என்ன.

சர்ட்டிபிகேட் விஷயத்துல முன்னாடியே உஷாரா இருங்க. சேலம் மாவட்டத்துல மலையாளி (நம்ம மலைவாழ் பழங்குடி, கேரளாக்காரங்க இல்ல) எஸ்டி லிஸ்ட்ல இருக்கு, ஆனா எஸ்டி சாதிச் சான்று தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) தான் குடுக்கணும், விசாரணை அது இதுன்னு இழுக்கும். பிள்ளை +1 படிக்கும்போதே போட்டு வச்சிடுங்க, அட்மிஷன் நேரத்துல ஓடுனா ஆகாது.

இதெல்லாம் தாண்டியும் ஸ்கீமுக்கு நான் 4 ஸ்டார் குடுக்குறது வட்டி மானியத்துக்காக. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, இன்ஜினியரிங் மாதிரி தொழில் படிப்பா இருந்து, காலேஜுக்கு நாக் அங்கீகாரமோ கோர்ஸுக்கு என்பிஏ அங்கீகாரமோ (ரெண்டுமே தரம் பாத்து குடுக்குறது) இருந்தா, படிக்கிற காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் வட்டி முழுக்க மத்திய அரசு கட்டும். பாதியில நின்னா போச்சு. எங்க பிராஞ்சுல இதைப் பத்தி அவங்களா வாயே தொறக்கல, நாங்கதான் வருமானச் சான்றை குடுத்து கிளெய்ம் போட்டாச்சான்னு கேட்டுட்டே இருந்தோம். நீங்களும் கேளுங்க, பாஸ்புக்ல வட்டி ஏறுதான்னு அப்பப்ப பாருங்க.

பேங்க்கே வேணாம்னா தேசிய பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தோட ஆதிவாசி சிக்ஷா ரின் யோஜனான்னு ஒண்ணு இருக்கு, 10 லட்சம் வரை, 6% வட்டி. தமிழ்நாட்டுல தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) மூலமா கேக்கணும். எங்க ஊருல இது ஒருத்தருக்கும் தெரியல, எனக்கும் தங்கச்சி லோன் சாங்ஷன் ஆனதுக்கு அப்புறம்தான் காதுல விழுந்துச்சு. அடுத்து சித்தப்பா பையன் டிப்ளமோ முடிக்கிறான், அவனுக்கு முதல்ல தாட்கோ ஆபீஸ்தான், அங்க என்ன ஆச்சுன்னு அப்புறம் இதுலயே சேத்து எழுதுறேன்.