ஊரில் ஒரு நிப்பிளைக் கழற்றிய கதை

நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் மக்கர் பண்ணுவது குழாய்தான். எங்கள் வீட்டில் இருப்பது பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். குளியலறைக் குழாய் ஒழுகியது. தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடலாம் என்றால் அது அசைய மறுத்தது. மேல்தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் ஆளையே கூப்பிட முடிந்தது.

ஆப்பில் பதிவு செய்ததும் வந்த பையன் சொன்ன நேரத்துக்கு வந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பைப் ரிஞ்சைப் போட்டு ஒரே திருகு! குழாய் கையோடு வந்துவிட்டது, அதைச் சுவருக்குள் இருக்கும் பைப்போடு இணைக்கும் சின்னத் துண்டான அரை அங்குல நிப்பிள் பாதி ஒடிந்து சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. "டைல்ஸை உடைக்கணும் சார், கொத்தனாரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை ஒரு பெரியவரை அனுப்பினார். அவர் வந்ததும் ரிஞ்சையே தொடவில்லை. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டுவிட்டு, "ஊறட்டும் தம்பி, காலையில வர்றேன்" என்று போய்விட்டார். இரும்பைவிட துரு அதிக இடத்தை அடைக்கும். மரைகளுக்கு நடுவே இருக்கும் சந்தெல்லாம் அதனால் இறுகிப் போகும். எண்ணெய் உள்ளே இறங்க நேரம் கொடுக்காமல் பலத்தைக் காட்டினால் ஒடியத்தான் செய்யும். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கலாமே என்று கேட்டேன். எண்ணெய் விட்ட இடத்திலா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, ஒடிந்த துண்டின் உட்புறத்தில் இரண்டு இடத்தில் மெதுவாக அறுத்தார். அது மாட்டியிருந்த எல்போவின், அதாவது வளைவு இணைப்பின், மரையைத் தொடும் முன்பே நிறுத்திவிட்டார். பிறகு சின்ன உளியால் தட்டி அதை உள்பக்கமாக மடக்கி, இடுக்கியால் உருவி எடுத்தார். டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

கேட் வால்வுக்கும் அதே நிதானம்தான். சுற்றிலும் லேசாகத் தட்டி, தண்டைச் சுற்றிக் கசியாமல் இறுக்கும் பேக்கிங் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் துளித்துளியாகத் திருப்பினார். ஒரே பக்கமாக அழுத்தினால் ஸ்பிண்டில், அதாவது அந்தத் தண்டு, ஒடிந்துவிடுமாம். பைப்போடு சேர்ந்த நட்டுகளைத் திருகும்போது இன்னொரு ரிஞ்சால் பைப்பைப் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் ஜாயின்ட் கழன்றுவிடும்.

புது நிப்பிளில் கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றினார். பையன் வாங்கிய சர்வீஸ் சார்ஜைவிட இவர் குறைவாகத்தான் கேட்டார், நான் கூடுதலாகவே கொடுத்தேன். வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறக்கும்படி அத்தையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.