லிஸ்பனில் 180 யூரோ கட்டிப் படித்த போர்ச்சுகீசியப் பாடம்: ஓர் எச்சரிக்கை

போர்ச்சுகலுக்குப் புதிதாக வந்து, மொழியை முதலிலிருந்து கற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பயிற்சி நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

“உங்கள் தேவையையும் வந்த நோக்கத்தையும் ஒரே மாதத்தில் அலுவலகங்களில் சொல்லப் பழகலாம், குடியுரிமைக்குச் செல்லும் ஏ2 (அடிப்படை மொழித்திறன் நிலை) சான்றிதழும் உண்டு” என்ற விளம்பரத்தை நம்பி, 180 யூரோவை முழுவதுமாக முன்கூட்டியே கட்டினேன். கிடைத்தவை நகலெடுத்த தாள்கள். போர்ச்சுகல் வழக்கையே கற்பிப்பதாகச் சொன்னவர்கள், பேருந்துக்கு இங்குள்ள ‘அவுத்தோகாரு’வை விட்டுவிட்டு, பிரேசிலில் வழங்கும் ‘ஓனிபுஸ்’ஸை அச்சிட்டிருந்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஏனெனில் பிரேசில் பேச்சு இங்கே எல்லோருக்கும் புரியும்; இலக்கணப் பிழையைத்தான் பொறுக்க முடியவில்லை.

‘எனக்குச் சாவி வேண்டும்’ என்று நாம் சொல்லும்போது, ஆளுக்குத்தான் வேற்றுமை உருபு சேர்கிறது. சாவி அப்படியே நிற்கிறது. போர்ச்சுகீசியத்தில் ஆள் எழுவாயாக நிற்க, வேண்டிய பொருளுக்கு முன்னால் ‘தெ’ என்ற இடைச்சொல் வந்தே தீர வேண்டும். அது அடுத்து வரும் சார்படையோடு (ஆங்கிலத்தின் ‘the’ போன்ற சொல்) கலந்து ‘பிரெசீசு த ஷாவ்’ என்றாகும். (சாவி என்ற சொல்லே அவர்களிடமிருந்து நமக்கு வந்ததுதான்.) நாங்கள் மனப்பாடம் செய்த தாள்களில் இந்த ‘தெ’ ஓரிடத்திலும் இல்லை.

நோக்கத்தைச் சொல்லும் பாடம் இதைவிட மோசம். ‘வேலை செய்ய’, ‘புதுப்பிக்க’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு, அங்கே வினைக்கு முன் ‘பரா’ சேர்க்க வேண்டும். தாளிலோ எல்லா இடத்திலும் ‘புர்’ என்றிருந்தது. அட்டையைப் புதுப்பிக்க வந்திருக்கிறேன் என்பதை அதே சொல்லால் அலுவலகச் சாளரத்தில் சொன்னபோது, அங்கிருந்த பெண்மணி இரண்டு முறை திரும்பக் கேட்டார். வினைக்கு முன் ‘புர்’ வந்தால் அது காரணத்தையோ, இன்னும் செய்யப்படாமல் கிடக்கும் வேலையையோ குறிக்கும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பின்னர் விளக்கினார்.

சான்றிதழும் அந்நிலையம் தானே அச்சடித்துக் கொடுத்த காகிதம்தான். குடியுரிமை விண்ணப்பத்துக்கு அது செல்லாது. அங்கே ஏற்கப்படுவது, லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் காப்லே மையம் நடத்தும் சிப்லே தேர்வு போன்றவையே. அரசுப் பள்ளிகளிலும் அரசு வேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களிலும் வெளிநாட்டவருக்காகக் கட்டணமின்றி நடக்கும் ‘வரவேற்பு மொழி’ வகுப்பில் ஏ2 முடித்துப் பெறும் சான்றிதழும் செல்லும். இந்த இலவச வகுப்பைப் பற்றி முன்பே விசாரிக்காதது என் தவறு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், மறுத்தார்கள். பொதுமக்களுக்குச் சேவை அளிக்கும் எந்த இடத்திலும் சட்டப்படி இருக்க வேண்டிய புகார்ப் புத்தகத்தைக் கேட்டதற்கு, அது பூட்டிய அலமாரியில் இருப்பதாகவும் சாவி இல்லை என்றும் பதில் வந்தது. அதே புத்தகத்தின் இணைய வடிவில் புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.