விரலா, ஆர்டீரியல் லைனா, சென்சாரா: ஐசியுவில் சர்க்கரை பார்க்க எது தேவலை?

இன்சுலின் டிரிப் ஓடும் நோயாளிக்கு மணிக்கொரு தடவை ஜிஆர்பிஎஸ் (விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை) பார்த்தால் நாளைக்கு 24 குத்து. எங்கள் ஐசியுவில் ஆர்டீரியல் லைன் (தமனிக்குள் போடும் மெல்லிய குழாய்) உள்ளவர்களுக்கு விரலைத் தொடுவதையே விட்டுவிட்டோம். ரத்த அழுத்தத்துக்காக மணிக்கட்டில் ஏற்கெனவே போட்ட லைனிலிருந்து ரத்தம் எடுத்து, ரத்த வாயுக்களோடு சர்க்கரையும் அளக்கும் ஏபிஜி மெஷினில் போடுகிறோம். புதிதாக ஒரு குத்து கிடையாது.

வலி மிச்சம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு முக்கியம், வருகிற எண்ணை நம்பலாமா என்பதுதான். ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடும்போது விரல் சில்லிட்டுக் கிடக்கும். பிழிந்து பிழிந்துதான் ஒரு சொட்டு வரும். அதில் மீட்டர் 150 காட்டினால், உள்ளே ஓடும் ரத்தத்திலும் 150தான் என்று சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குப் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை இறங்கிவிடும்; மயக்க மருந்தில் இருப்பவர் படபடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. ஐசியு நோயாளிகளிடம் நடத்தி 2009-இல் வந்த நைஸ்-சுகர் ஆய்வில், சர்க்கரையை 81–108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் 6.8% பேருக்கு அது ஆபத்தான அளவுக்கு இறங்கியது. 180-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டவர்களில் 0.5% பேருக்குத்தான். இறப்பும் இறுக்கிப் பிடித்த பக்கமே கூடுதல். 2016 செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) வழிகாட்டுதலும் லைன் இருந்தால் விரலை விட்டு அந்த ரத்தத்தையே எடுக்கச் சொன்னது.

லைனுக்கும் பராமரிப்பு உண்டு. லைன் அடைக்காமல் இருக்க மாட்டும் பிரஷர் பேகில் சலைன் மட்டும்தான் தொங்க வேண்டும். தவறி டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) பாட்டில் ஏறிவிட்டால் சர்க்கரை பொய்யாக எகிறும், அதற்கு இன்சுலினும் ஏறும்; பிரிட்டனில் 2008-லேயே இதற்கு எச்சரிக்கை விட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது பாட்டில் லேபிளைப் படிப்பது அதனால்தான். அப்புறம், ஒவ்வொரு தடவையும் முதலில் இழுக்கும், சலைன் கலந்த 3 மில்லியைக் கொட்டினால் நாளைக்கு 72 மில்லி ரத்தம் வீண். அந்த ரத்தத்தைத் திரும்ப உள்ளே விடும் மூடிய செட் விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்கலாம்.

சரி, சென்சார்? லிப்ரே என்ற சென்சாரைக் கையில் ஒட்டினால் 14 நாள் ஓடும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியும் காட்டும். கோவிட் சமயத்தில், 2020-இல், அமெரிக்காவில் மருத்துவமனைக்குள் சென்சார் வைத்துப் பார்க்க அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வழிவிட்டது. ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடி நீரை. சில நிமிடம் பின்தங்கித்தான் வரும். வைட்டமின் சி அதிகமாகக் கொடுத்தால் லிப்ரே கூட்டிக் காட்டும். நாங்கள் ஒட்டியது ஷாக் (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலை) தெளிந்த ஒன்றிரண்டு பேருக்கு மட்டுமே, அவர்களுக்கு ஏபிஜியோடு ஓரளவு ஒத்துப்போனது. உடம்பெல்லாம் நீர் கோத்தவர்களிடம் நான் பார்த்ததில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்க்கரைக்காக மட்டும் யாருக்கும் லைன் போடுவதில்லை. பிரஷர் மருந்து நின்று, கை சூடாகி, லைனை எடுத்தாயிற்றென்றால் விரலே போதும்.